பழைய கம்பியைக் கழட்டுவதற்கு முன்

போன மாதம் பரந்தனில் ஒரு மேல்மாடி வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். அன்று கூப்பிட்டது பிளானுக்கு இல்லை, பல்கனிக் கம்பிக்கு. கால்களை அடியில் துருத் தின்றுவிட்டது. மேலே பிடித்து ஆட்டினால் நாலு விரற்கடை ஆடியது. வீட்டுக்கார அம்மா கேட்டார்: “தம்பி, நான் அறை கூட்டேல்லை, மாடி எழுப்பேல்லை. இருந்த கம்பியைக் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்டப்போறன். அதுக்கும் சட்டம் பாக்க வேணுமோ?”

நல்ல கேள்வி. வீடு பழசு, கம்பிதான் புதுசு என்றால் எந்தக் காலத்து விதி பொருந்தும்? கனடாவில் இருக்கும் அவருடைய மகன் வட்ஸ்அப்பில் “42 இஞ்சி போடுங்கோ அம்மா” என்று எழுதியிருந்தார். வெல்டிங் கடைக்காரர் “எல்லாருக்கும் 30 இஞ்சிதான் அடிக்கிறனாங்கள்” என்று சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் அம்மா நின்றார்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஊரில் நாங்கள் எல்லாவற்றையும் ‘கைபிடி’ என்றோ ‘கிறில்’ என்றோ சொல்லிவிடுகிறோம். கட்டட விதிகள் இவற்றை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று விளிம்புத் தடுப்பு. பல்கனி, மொட்டைமாடி, படியின் திறந்த பக்கம் என்று விழக்கூடிய இடங்களில் ஆளை மறித்து நிறுத்துவது அதன் வேலை. மற்றது கைபிடி. படி ஏறி இறங்குகிறவர் பற்றிக்கொள்ளவும், கால் தவறினால் எட்டிப் பிடிக்கவும் அது. தடுப்பு உயரமாக இருக்க வேண்டும். கைபிடி கைக்கு எட்ட வேண்டும். ஒரே பைப்பை வைத்து இரண்டு வேலையும் வாங்கப் பார்ப்பதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. அமெரிக்காவின் பெரிய கட்டடங்களில் படியோரம் 42 அங்குலத் தடுப்பு நிற்கும். அதன் உட்பக்கத்தில், 34க்கும் 38க்கும் இடைப்பட்ட உயரத்தில், கைபிடி தனியாக ஓடும். பார்ப்பதற்கு ஒன்றுக்கு இரண்டாகச் செலவழித்த மாதிரித் தெரியும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். ஒவ்வொரு முறையும் பழைய கட்டடம் எல்லாவற்றையும் புதிய விதிக்கு இழுத்தால் ஒருவரும் வீட்டில் குடியிருக்க முடியாது. ஆகவே அநேகமான நாடுகளில் ஒரு சலுகை உண்டு: கட்டிய காலத்து விதிப்படி ஒழுங்காகக் கட்டியது, ஆபத்தாக மாறாத வரைக்கும், அப்படியே இருக்கலாம். அமெரிக்காவில் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு காலத்தில் 6 அங்குல இடைவெளி விட்டார்கள். குழந்தையின் உடம்பு நுழைந்துவிட்டால் தலை மாட்டிக்கொள்ளும் என்பதால் பிறகு அதை 4 அங்குலமாகக் குறைத்தார்கள். அதற்காக 6 அங்குல இடைவெளி உள்ள பழைய வீடுகளையெல்லாம் உடைக்கச் சொல்லவில்லை.

ஆனால் இந்தச் சலுகை அங்கே நிற்கும் பழைய கம்பிக்குத்தான். அந்த இடத்துக்குக் கொடுத்த உரிமை என்று அதை நினைக்கக்கூடாது. கம்பியை அடியோடு கழட்டி எடுத்தால் சலுகையும் கம்பியோடு பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏறிப் போய்விடும். அங்கே புதிதாக வருவது புதிய விதிக்கு உட்பட்டது. அமெரிக்காவில் இருக்கும் கட்டடங்களுக்கென்றே தனி விதித்தொகுப்பு உண்டு. ஒன்ராறியோவின் கட்டட விதியில் 11ஆம் பகுதி முழுக்கப் பழைய கட்டடங்களைத் திருத்துவது பற்றித்தான். இந்த மாதிரித் தொகுப்புகளில் ஓடும் எண்ணத்தைச் சுருக்கினால் இப்படி வரும். இருபது கம்பியில் மூன்று துருப்பிடித்து, அந்த மூன்றை மட்டும் வெட்டி அதே மாதிரி ஒட்டினால் அது பழுதுபார்ப்பு. பழைய அளவிலேயே செய்யலாம். முழுத் தடுப்பையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூட்டினால் அது மாற்றம். புதிய பாகம் புதிய விதியைப் பார்க்க வேண்டும். எதைச் செய்தாலும், வேலை முடிந்த பிறகு கட்டடம் முன்பு இருந்ததை விடப் பாதுகாப்புக் குறைந்ததாக ஆகக்கூடாது. 36 அங்குலம் இருந்த இடத்தில் அழகுக்காக 30 பூட்டுவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கட்டடம் இடம் கொடுக்காத இடத்தில் விதியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். படி செங்குத்தாக இருக்கிறது, சரிவைக் குறைக்க இடமே இல்லை என்றால், கைபிடி மாற்றுகிறாய் என்பதற்காகப் படியையே உடைத்துக் கட்டு என்று அமெரிக்க விதி கேட்காது. அங்கே பொதுக் கட்டடங்களில் மேல்படிக்கு அப்பாலும் 12 அங்குலம் கைபிடி நீள வேண்டும். பழைய கட்டடத்தில் அப்படி நீண்டால் நடைபாதையில் போகிறவர் இடுப்பில் இடிக்கும் என்றால் முழு நீளம் வேண்டாம் என்றும் அதே விதித்தொகுப்பு சொல்கிறது. முடிந்த அளவு புதியது, முடியாத இடத்தில் நியாயமான சமாளிப்பு.

எங்கள் பக்கத்தில் இதைத் தீர்மானிப்பவர்கள் உள்ளூராட்சி சபையினர். கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, புதுக்குடியிருப்பு என்று உங்கள் வீடு எந்தப் பிரதேச சபைக்குள் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். கட்டட அனுமதிக்கு அடிப்படையாக 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதன் கீழ் வந்த கட்டட ஒழுங்குவிதிகளும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்காரர் இவற்றைப் பாடமாக்கத் தேவையில்லை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம், ஊர்ப்பேச்சில் ரி.ஓ.விடம், ஒருமுறை போனால் போதும். போகும்போது பழைய தடுப்பின் படம், தளத்திலிருந்து அதன் உயரம், வெளியே நிலம் எவ்வளவு கீழே, பூட்டப்போவதன் கையால் கீறிய படம், இந்த நாலும் கொண்டுபோங்கள். “இதற்கு அனுமதி எடுக்க வேண்டுமா, உயரமும் இடைவெளியும் எவ்வளவு கேட்பீர்கள்” என்று நேராகக் கேளுங்கள். வாடகைக்கு விடும் மாடி, கடை, வகுப்பு நடத்தும் இடம் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சபை சொல்லும் அளவே உங்களுக்குரிய அளவு. ஆனாலும் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணம் விளங்கினால், வெல்டிங் கடையில் நின்று எது சரி, எது பிழை என்று நீங்களே சொல்லலாம். அதற்காகத்தான் கனடாவையும் அமெரிக்காவையும் உதாரணத்துக்கு எடுக்கிறேன். எப்படியும் எங்கள் வீடுகளுக்கு அளவு அங்கேயிருந்துதான் தொலைபேசியில் வருகிறது!

உயரத்தைப் பார்ப்போம். கனடாவின் தேசியக் கட்டட விதியில் பொதுவான உயரம் 1070 மில்லிமீற்றர், அதாவது 42 அங்குலம். வீட்டுக்குள் 900, ஏறத்தாழ 36 அங்குலம். அமெரிக்காவிலும் பொதுக் கட்டடத்துக்கு 42, தனி வீட்டுக்கு 36. நின்றுகொண்டிருக்கும் வளர்ந்த ஆளின் பாரமையம் இடுப்பளவில் இருக்கிறது. தடுப்பு அதற்குக் கீழே நின்றால், சாய்கிறவரை அது மறிக்காது. காலை வாரிவிட்ட மாதிரித் தலைகீழாகப் புரட்டிவிடும். வெல்டிங் கடைக்காரர் சொன்ன 30 அங்குலம் பலருக்குத் தொடையில்தான் வரும்.

இந்த உயரத்தை எங்கேயிருந்து அளப்பது? இதில் நானே ஒரு முறை பிழை விட்டிருக்கிறேன். தங்கச்சி வீட்டு மேல்மாடிக்குத் தடுப்பு 36 அங்குலம் என்று கொங்கிறீற்றில் ரேப்பை வைத்து அளந்து கொடுத்தேன். கம்பி பூட்டியாயிற்று. மூன்று மாதத்தில் மச்சான் காசு அனுப்பினார், மாபிள் பதித்தார்கள். சாந்தும் மாபிளுமாகத் தளம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. கம்பி அசையாமல் அதே இடத்தில் நின்றது. என் 36 அங்குலம் 34 ஆகிவிட்டது. விதி அளப்பது முடிந்த தளத்திலிருந்து, அதாவது கால் படும் மேற்பரப்பிலிருந்து. வீடு திருத்துகிற பலர் மாபிளை முதலில் நினைப்பார்கள், தடுப்பைக் கடைசியில். கணக்கு நேர்மாறாக ஓட வேண்டும்: எப்போதாவது மாபிள் வரும் என்றால் இன்றைக்கே இரண்டரை அங்குலம் கூட்டிப் போடுங்கள். தடுப்போரம் குந்து கட்டியிருந்தாலும் இதே கதைதான். பிள்ளைகள் குந்தில் ஏறி நிற்பார்கள். அங்கே தடுப்பின் உண்மையான உயரம் குந்துக்கு மேலே இருப்பது மட்டுமே.

அடுத்தது இடைவெளி. 4 அங்குலப் பந்து ஒன்று ஓட்டையால் போகக்கூடாது என்பது அமெரிக்காவின் பொதுவான விதி. கனடாவில் 100 மில்லிமீற்றர். இதைச் சோதிக்க எங்கள் ஆட்கள் 4 இஞ்சி பீவீசி பைப் துண்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். கடையில் 4 இஞ்சி என்று விற்கும் அந்தப் பைப்பின் வெளிவிட்டம் 110 மில்லிமீற்றர். அது நுழையவில்லை என்பதை வைத்து 100 சரி என்று சொல்ல முடியாது. பலகையில் சரியாக நாலுக்கு நாலு அங்குலம் ஒரு கட்டை வெட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், பேச்சு மிச்சம். அடிக்கம்பிக்கும் தளத்துக்கும் நடுவிலும் அந்தக் கட்டையை விட்டுப் பாருங்கள். தவழும் பிள்ளை அந்த இடுக்கைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

இப்போது ஏ9 வீதியோரம் எழும்பும் மாடிகளில் ஒரு மோஸ்தர் பரவியிருக்கிறது: பளபளவென்று ஸ்ரெயின்லெஸ் பைப்பைப் படுக்கையாக ஐந்து வரி ஓடவிடுவது. பெரியவருக்கு அழகு, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏணி. கனடா விதி இதில் கண்டிப்பானது. கீழே உள்ள தளம் 4.2 மீற்றருக்கு மேல் ஆழத்தில் இருந்தால், தடுப்பில் 140 முதல் 900 மில்லிமீற்றர் வரையான உயரத்துக்குள் ஏறுவதற்குக் கால் வைக்கத்தக்க எதுவும் இருக்கக்கூடாது. அமெரிக்காவின் பொது விதியில் படுக்கைக் கம்பிக்கு இப்படித் தடை இல்லை. எனக்குக் கனடாக்காரரின் கட்சிதான். கம்பியை நிமிர்த்திப் போடுங்கள். ஒரு அடி உயரச் சீமெந்துச் சுவருக்கு மேல் கம்பி நட்டிருக்கும் பழைய வீடுகளிலும் அந்தச் சுவர் பிள்ளைக்கு முதற்படி ஆகிவிடும். கம்பி மாற்றும்போது சுவரின் மேலிருந்து மூன்று அடி வருகிற மாதிரி அளவு கொடுத்தால் அந்தப் பிழையும் சேர்ந்து திருந்தும்.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற அளவுகள். ஒருவரும் பார்க்காதது போல்ட்.

தடுப்பின் உச்சியில் எந்த இடத்திலும் 200 இறாத்தல் தள்ளினால், அதாவது ஏறத்தாழ 90 கிலோ, அது தாங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. கூட்டம் சாயும் இடங்களில் நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் 50 இறாத்தல். 90 கிலோ பெரிய விஷயமா என்று தோன்றும். அலவாங்கை நினைத்துப் பாருங்கள். நீளத் தண்டின் நுனியில் மெதுவாக அழுத்தினாலே அடியில் பாறாங்கல் புரளும். தடுப்பின் காலும் அதே அலவாங்குதான். 42 அங்குல உயரத்தில் 200 இறாத்தல் தள்ளுகிறது. அடித்தட்டு 4 அங்குலச் சதுரம். வீட்டுப் பக்கத்து இரண்டு போல்ட்டும் தட்டின் வெளி விளிம்பிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிற்கின்றன. 200ஐ 42ஆல் பெருக்கி 3ஆல் பிரித்தால் 2800 இறாத்தல். ஏறத்தாழ 1270 கிலோ. அந்த இரண்டு போல்ட்டையும் மேல்நோக்கிப் பிடுங்குகிற விசை அது.

அந்தப் போல்ட் எதில் நிற்கிறது? மாபிளுக்கு மேலால் துளைத்து 3 அங்குலப் போல்ட் இறக்கினால், தட்டு, மாபிள், சாந்து என்று இரண்டு அங்குலத்துக்கு மேல் போய்விடும். கொங்கிறீற்றுக்குள் இறங்கியது ஒரு அங்குலம்கூட இராது. சீமெந்துக் கல்லுச் சுவரில் பூட்டினால் இன்னும் மோசம். கல்லோடு சேர்த்துக் கழன்று வரும். நீளமான போல்ட் வாங்கித் தளக் கொங்கிறீற்றுக்குள்ளேயே இறக்க வேண்டும். சுவர்மேல் பூட்டுவது என்றால் தளத்திலிருந்து கொங்கிறீற்றுக்கு உள்ளே போடும் கம்பி எழுப்பிச் சுவரின் உச்சியில் கொங்கிறீற் வளை (பீம்) ஒன்று ஓட்டிவிட்டு அதில் பூட்ட வேண்டும். தளத்தின் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலத்தில் துளை போட்டாலும் கொங்கிறீற் வெடித்து விலகும். பழைய துளையிலேயே புதுப் போல்ட்டைச் செருகுவதும் வேண்டாம். பழைய இரும்பு உள்ளே துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்துச் சுற்றுக் கொங்கிறீற்றை ஏற்கெனவே வெடிக்க வைத்திருக்கும். பரந்தன் அம்மா வீட்டில் தட்டைக் கழட்டியபோது கொங்கிறீற் பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது. அங்கே கம்பி வேலைக்கு முன் மேசன் வேலை தேவைப்பட்டது.

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். ஸ்ரெயின்லெஸ் எல்லாம் ஒன்றல்ல. 202 என்ற மலிவு வகை கடற்காற்றில் சீக்கிரம் பழுப்புப் படியும், 304 கொஞ்சம் தாங்கும், 316 அதைவிட நன்றாகத் தாங்கும். கண்ணாடித் தடுப்பு ஆசை வந்தால் இரட்டைத் தகடாக ஒட்டிய கண்ணாடி கேளுங்கள். சூடேற்றி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி உடைந்தால் மணிமணியாகக் கொட்டி, அந்த இடம் வெறும் ஓட்டையாகிவிடும்.

கைபிடிக்கு வருகிறேன். வன்னியில் தடுப்பை விட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம். யுத்தத்தில் கையிழந்தவர், காலிழந்தவர், உடம்பில் ஷெல் துண்டோடு நடக்கிறவர் இல்லாத ஊர் எங்களிடம் இல்லை. ஒரு கை மட்டும் உள்ளவரை எண்ணிப் பாருங்கள். படியின் ஒரு பக்கத்தில் மட்டும் கைபிடி இருந்தால், ஏறும்போது வலக்கைக்கு வருவது இறங்கும்போது இடப்பக்கம் போய்விடும். அந்த இடக்கைதான் அவருக்கு இல்லை. ஏற முடிந்த படியில் அவரால் இறங்க முடியாது. அமெரிக்காவின் பொதுக் கட்டட விதி பொதுவாக இரண்டு பக்கமும் கைபிடி கேட்பதன் அருமை இங்கே விளங்கும். எங்கள் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டமும், பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்யச் சொல்லும் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் உண்டு. பாடசாலை, ஆஸ்பத்திரி, சனசமூக நிலையம், சங்கக் கட்டடம் எதிலாவது கைபிடி மாற்றும் பேச்சு வந்தால் மறுபக்கத்துக்கும் ஒன்று கேளுங்கள்.

கைபிடி என்றால் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வட்டப் பைப் என்றால் வெளிவிட்டம் ஒன்றேகால் முதல் இரண்டு அங்குலம் வரை என்பது அமெரிக்க அளவு. இதில் கடைக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஜீ.ஐ. பைப்புக்கு, அதாவது நாகம் பூசிய இரும்புப் பைப்புக்கு, பெயர் வைப்பது உள்விட்டத்தை ஒட்டி. 2 இஞ்சி ஜீ.ஐ. என்று வாங்கினால் வெளியே 60 மில்லிமீற்றர். கிழவியின் கைக்கு அடங்காது. ஒன்றரை இஞ்சி ஜீ.ஐ. வெளியே 48, அது அளவு. ஸ்ரெயின்லெஸ் குழாய்க்குப் பெயர் வெளிவிட்டத்தில், ஆகவே 2 இஞ்சி என்றால் 2 இஞ்சியேதான். அகலமான மரப்பலகையைப் படுக்கையாகப் பதித்து, மேலே பொலிஷ் அடித்துக் ‘கைபிடி’ என்பார்கள். தேநீர்க் கோப்பை வைக்க நல்லது. விழும்போது அதில் விரல் நிற்காது.

சுவரோரம் பூட்டினால் சுவருக்கும் பைப்புக்கும் நடுவே ஒன்றரை அங்குலமாவது விடுங்கள், விரல்மொளி தேயக்கூடாது. தாங்கிகள் கீழிருந்து வர வேண்டும்; அப்போதுதான் முதற்படியிலிருந்து கடைசிப்படி வரை கை எடுக்காமல் வழுக்கிப் போகும். பைப்பின் நுனியைச் சுவர்ப்பக்கம் மடக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் சீலைத் தலைப்போ பையின் காதோ அதில் மாட்டும். உயரத்தைப் படியின் மூக்கிலிருந்து, அதாவது படியின் முன் விளிம்பிலிருந்து, நேர் மேலாக அளக்க வேண்டும். சிலர் படியின் நடுவிலிருந்து அளந்து, ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு அளவு சொல்லுகிறது என்று குழம்புவார்கள்.

வேலை ஒழுங்கு பற்றி ஒன்று. பழைய கம்பியைக் காலையில் வெட்டி இறக்கிவிட்டு, புதியது கடையில் ஒட்டி முடிய மூன்று நாள் என்று கடைக்காரர் கையைக் கழுவுவது வழக்கம். அந்த மூன்று இரவும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், கரண்டும் போகும். புதிய தடுப்பு ஒட்டி, மினுக்கி, முற்றத்துக்கு வந்து இறங்கிய பிறகு பழையதைத் தொடச் சொல்லுங்கள். மேசன் வேலை இருந்து அது முடியாவிட்டால், மாடிக் கதவைப் பூட்டித் திறப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பரந்தனில் அம்மா திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். கொங்கிறீற் இறுகும் வரைக்கும் பேரப்பிள்ளைகள் ஒரு கிழமையாக அந்த முடிச்சைத்தான் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள்.